மனநல ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை என்று இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மனநல ஆய்வுகளுக்காகத் தமிழில் கேள்வி கேட்டு எழுதுவதும், வைத்தியர்கள் தயாரித்த தாளை வாசித்து விளங்க வைப்பதும் என் வேலை. நான் கேட்டு எழுதியவை ஆய்வறிக்கைக்குப் போயின. இஸ்தோப்பில் உட்கார்ந்து சாயத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபடி அவர்கள் என்னைக் கேட்டவை எங்கேயும் பதிவாகவில்லை. அந்தக் கேள்விகளையும், தெரிந்தவர்களிடம் விசாரித்தும் வாசித்தும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தருகிறேன்.

கிளினிக்கில் பார்க்கும் வைத்தியத்துக்கும் ஆய்வுக்கும் என்ன வித்தியாசம்?

கிளினிக்கில் வைத்தியர் மருந்து எழுதும்போது அவர் நினைப்பது உங்கள் ஒருவரின் நலனை. ஆய்வில் அவருக்கு வேறொரு கேள்வியும் இருக்கிறது. இந்த மருந்து அல்லது இந்த ஆலோசனை முறை உண்மையிலேயே பலன் தருகிறதா என்று அறிய, பலரை ஒரே விதமாக அளந்து, மாதக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதிக்கொண்டு போகிறார். அதனால் உங்களுக்கு நன்மை வரலாம், வராமலும் போகலாம். இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்கிற ஆய்வாளரை நம்பலாம்.

எல்லா ஆய்விலும் மருந்து கொடுப்பதில்லை. சிலவற்றில் வெறும் கேள்விகள்தான். சிலவற்றில் ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை அப்படியே விட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் பார்ப்பார்கள். சிலவற்றில் வாரம் ஒருமுறை யாராவது வந்து பேசுவார்கள். பெரும்பாலும் சங்கடம் வருவது, உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் அதே வைத்தியர் ஆய்வையும் நடத்தும்போதுதான். "ஐயா, இது என் வைத்தியமா, உங்கள் ஆய்வா?" என்று கேட்டுவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

எங்களை எலிபோல வைத்துச் சோதனை பார்க்கிறீர்களா?

இந்தக் கேள்வியை நான் ஒருபோதும் தட்டிக் கழித்ததில்லை. மனிதரை அவர் சம்மதம் இல்லாமல் சோதனைக்குப் பயன்படுத்திய கொடுமை நடந்திருக்கிறது. நாஜி முகாம்களில் வைத்தியர்கள் செய்தவற்றை விசாரித்த பின்னர் 1947இல் நியூரம்பேர்க் நெறிகள் எழுதப்பட்டன. சுய விருப்பத்துடன் தரும் சம்மதம் கட்டாயம் என்பதே அவற்றின் முதல் வரி. பிறகு 1964 ஜூனில் உலக வைத்தியர் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. உலகெங்கும் ஆய்வுகளுக்கு இன்றும் அதுவே அடிப்படை.

அந்த ஆண்டை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அதே 1964, ஒக்டோபரில்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய வம்சாவளியினரான நம்மவர் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகள் பங்கு பிரித்தன. நம்மில் ஒருவரையும் கேட்கவில்லை. 1948இல் குடியுரிமை பறிபோனபோதும் கேட்கவில்லை. ஏதோ ஒரு தாளில் பெருவிரல் வைத்த காரணத்தால் அண்ணன் இந்தியாவின் மண்டபம் முகாமுக்கும் தம்பி இங்கே லயத்துக்கும் (தோட்டத்து வரிசை வீட்டுக்கும்) என்று பிரிந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. தாளையும் பேனாவையும் பார்த்தாலே நம்முடைய முதியவர்கள் பின்வாங்குவது அறியாமையால் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்று இலங்கையில் ஒரு ஆய்வு தொடங்கும் முன்னர் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு அதை அனுமதிக்க வேண்டும். பேராதனை, கொழும்பு போன்ற பல்கலைக்கழக மருத்துவ பீடங்களில் இத்தகைய குழுக்கள் இருக்கின்றன. சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வாக இருந்தால், இலங்கை மருத்துவ சங்கம் 2006இல் தொடங்கிய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் விவரம் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அனுமதி எண் என்ன, எந்தக் குழு கொடுத்தது என்று கேளுங்கள். தாளின் முதல் பக்கத்திலேயே அது இருக்க வேண்டும்.

துரையோ, தோட்டத் தலைவரோ சொன்னால் சேர வேண்டுமா?

வேண்டாம். தோட்டத்துக்குள் வர நிர்வாகம் அனுமதி கொடுக்கலாம். உங்கள் சம்மதத்தை நிர்வாகம் கொடுக்க முடியாது. சங்கத் தலைவராலும் முடியாது, கணவராலும் முடியாது, மாமியாராலும் முடியாது.

ஒரு தோட்டத்தில் நாங்கள் போன முதல் நாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். எங்களுக்கு உதவி செய்வதாக எண்ணி மேற்பார்வையாளர் ஒருவர், "எல்லோரும் இதில் கையெழுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஓர் அம்மா கூடையைக்கூட இறக்காமல் பெருவிரலை நீட்டினார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, ஓரங்கள் வெடித்திருந்த விரல். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நாங்கள் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினோம். மறுநாள் மாலை வீடு வீடாகப் போனோம். அந்த அம்மா அரிசி புடைத்தபடி முழுவதையும் கேட்டார். நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, "வேண்டாம் மகள்" என்றார். அன்றைக்கு என் மனம் நிறைந்தது. முந்தின நாள் நீண்ட விரலில் இல்லாத சம்மதம் அந்த மறுப்பில் இருந்தது. அவருடைய மறுப்பை மதிக்கத் தெரிந்ததால்தான் பக்கத்து வீட்டுக்காரர் எங்களை உள்ளே கூப்பிட்டார்.

சம்மதம் கொடுக்க எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாளைத் தமிழில் முழுவதுமாக வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக உடன் இருக்க வேண்டும். அதன் பிறகே விரல் அடையாளம். நல்ல ஆய்வாளர் கடைசியில், "நான் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்பார். அது பரீட்சை இல்லை. தான் சரியாகச் சொன்னேனா என்று அவர் தன்னையே சரிபார்த்துக்கொள்கிறார். உடனே முடிவு சொல்லவும் தேவையில்லை. இரண்டு நாள் யோசித்து, வீட்டில் பேசிச் சொல்லலாம். சேர்ந்த பிறகு பாதியில் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, கிளினிக்கில் வழக்கமாகக் கிடைக்கும் மருந்தை அதற்காக யாரும் நிறுத்தக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் விருப்பமும் வேண்டும்.

சீட்டுக் குலுக்கி மருந்து கொடுப்பது என்ன நியாயம்?

பாதிப் பேருக்குப் புதிய சிகிச்சை, பாதிப் பேருக்குப் பழையது, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும் என்றதும் பலர் எழுந்து போய்விடுவார்கள். நல்லதை எல்லோருக்கும் கொடுத்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி. எது நல்லது என்று இன்னும் தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. ஏற்கெனவே தெரிந்திருந்தால் குலுக்கல் போடுவது தவறு. ஒழுக்கநெறிக் குழு அதை அனுமதிக்கவும் கூடாது.

வைத்தியரே ஆள் பார்த்துப் பிரித்தால், நோய் முற்றியவருக்கு ஒன்றும் இலேசானவருக்கு ஒன்றும் போய்விடும். பிறகு மருந்தால் குணமா, முதலிலேயே இலேசாக இருந்ததால் குணமா என்று பிரித்தறிய முடியாது. குலுக்கல் அந்தப் பாரபட்சத்தை அகற்றுகிறது.

நம் நாட்டிலேயே இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. நஞ்சு உட்கொண்டு வருபவர்களுக்கு மருத்துவக் கரித்தூள் கொடுப்பது நெடுங்காலப் பழக்கம். இலங்கை வைத்தியசாலைகளில் 4,632 நோயாளிகளை மூன்று பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. கரித்தூள் பலமுறை பெற்றவர்கள், ஒருமுறை பெற்றவர்கள், பெறாதவர்கள், இந்த மூன்று பிரிவிலும் இறப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான். இரண்டாவது உதாரணம் அநுராதபுரத்தில் நடந்தது. விவசாய வீடுகளுக்குப் பூட்டுடன் பெட்டி கொடுத்து, பூச்சிமருந்தை அதில் வைத்துப் பூட்டினால் தற்கொலை குறையும் என்று எல்லோரும் நம்பினார்கள். கேட்பவர் யாருக்கும் சரியென்றே படும். 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட வீடுகளில், குலுக்கல் முறையில் பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி கொடுத்து மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வேறுபாடு இல்லை.

ஆனால் வேறொன்று பலித்தது. கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு 1984, 1995, 1998 என்று படிப்படியாகத் தடை செய்தது. 2008க்குப் பிறகு இன்னும் சிலவற்றையும் நிறுத்தியது. 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த நிலையில், இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்று இருந்த தற்கொலை இறப்பு வீதம், இருபது ஆண்டுகளில் எழுபது சதவீதமளவு குறைந்தது. இந்தத் தடைகளால் 2015 வரை ஏறக்குறைய 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெட்டிகளை நம்பியே பணத்தைக் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கிராமத்து மக்கள் ஆய்வில் சேர இசைந்ததால்தான் நாட்டுக்கு இது தெரிந்தது.

வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்களா?

மருந்தில்லாத மாத்திரையைப் பயன்படுத்தும் ஆய்வுகள் உண்டு. மனச்சோர்வில் இதன் தேவை அதிகம். ஏனெனில் யாரோ அக்கறையாகக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே பலருக்குக் கொஞ்சம் சுகம் தெரியும். மருந்தின் பலன் அதற்கு மேல் எவ்வளவு என்று பார்க்க வேறு வழி குறைவு. ஆனால் "உங்களுக்கு மருந்தில்லாத மாத்திரை வரக்கூடும்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது ஏமாற்று இல்லை. கடுமையான நோய் உள்ளவரின் மருந்தைப் பறித்துவிட்டு மாவு மாத்திரை கொடுப்பதாக யாராவது சொன்னால் சேராதீர்கள்.

கேள்விகள் விளங்கவில்லை. எங்கள் பேச்சில் கேட்கக் கூடாதா?

கூடும், கேட்கவே வேண்டும். எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயம் இது.

மனச்சோர்வை அளக்க உலகம் முழுவதும் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று புழங்குகிறது. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு, பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி போட்டு, மொத்தம் 27க்குக் கணக்கிடுவார்கள். பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டியவர் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் இருக்கின்றன. தாள் நல்ல தாள்தான். அதை மலைக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல்.

"களைப்பாகவோ சக்தி இல்லாமலோ இருந்தீர்களா?" என்று ஒரு கேள்வி. காலை ஏழரைக்கு ஏறி, மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, கூடை சுமந்து இறங்குகிறவரிடம் இதைக் கேட்டால் யார் இல்லை என்பார்? மனதில் எந்த நோயும் இல்லாதவருக்கும் அங்கே மூன்று புள்ளி விழும். "செயல்களில் ஆர்வமோ இன்பமோ குறைந்ததா?" என்று இன்னொன்று. ஒரு பெண் என்னைத் திரும்பக் கேட்டார்: "ஆர்வம் இல்லை என்றால் மலைக்குப் போகாமல் இருக்க முடியுமா?" அவர் கேட்டது சரி. ஆனால் காமன் கூத்துக்குப் போனாரா, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போக மனம் வந்ததா, பேரப்பிள்ளை மடியில் ஏறினால் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது அவர் கண் கலங்கியது. மூன்று மாதமாக எதுவுமே பிடிக்கவில்லை என்றார்.

சொற்களிலும் அப்படித்தான். கொழும்பில் அச்சான துண்டுப் பிரசுரத்தில் "பதகளிப்பு" என்று இருக்கும். இங்கே அந்தச் சொல் யார் வாயிலும் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, பயம் பிடித்துக்கொண்டது, ஒரே யோசனையாக இருக்கிறது என்பார்கள். நம்மிடம் "யோசனை" என்றால் சிந்திப்பது மட்டும் இல்லை, மனதைத் தின்னும் கவலையும்தான். "அவள் ரொம்ப யோசிக்கிறாள்" என்று ஒரு தாய் சொன்னால் அந்த வீட்டில் உடனே போய்ப் பார்க்க வேண்டும். தமிழகத்திலோ யாழ்ப்பாணத்திலோ மொழிபெயர்த்த தாளை அப்படியே வாசித்தால் இது பிடிபடாது.

ஆகவே ஒழுங்கான ஆய்வில் தாளைத் தமிழாக்கி, வேறொருவரைக் கொண்டு மறுபடி மூலமொழிக்கு மாற்றிச் சரிபார்க்கிறார்கள். பிறகு இந்த மக்களிடமே வாசித்து விளங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அதன் பின் தாள் காட்டும் புள்ளியையும் மனநல வைத்தியர் நேரில் பேசிக் காணும் முடிவையும் ஒப்பிட்டு, எத்தனை புள்ளியில் கோடு போடுவது என்று தீர்மானிக்கிறார்கள். இத்தனையையும் இங்கே, இந்தப் பேச்சில் செய்ய வேண்டும். விளங்காத கேள்விக்கு மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள். "விளங்கவில்லை" என்று நீங்கள் சொன்னால் தாள்தான் திருத்தப்படும்.

கோடாங்கி பார்த்தோம், கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறோம். இதைச் சொன்னால் திட்டுவீர்களா?

திட்டமாட்டோம். சொல்லுங்கள், அதையும் எழுதிக்கொள்வோம். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதாலோ விபூதி போடுவதாலோ மாத்திரையின் வேலை கெடாது. கோடாங்கி சொன்னார் என்று மாத்திரையை நிறுத்தினால் கெடும். குறிப்பாக, காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று சொல்லித் தூங்காமல் இருக்கும் பிள்ளையை மாதக்கணக்கில் வைத்தியரிடம் காட்டாமல் வைத்திருக்காதீர்கள். சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் அளவுக்குத் தேறுவதும் கடினமாகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடிப்பது, கட்டி வைப்பது, பட்டினி போடுவது எந்தப் பெயரில் நடந்தாலும் அது கொடுமை.

இப்போது தரும் மருந்துகளெல்லாம் ஆய்வு செய்தவைதானா? ஏன் சிலருக்கு அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள்?

ஆம், அந்த இரத்தப் பரிசோதனையே ஆய்வு கற்றுத் தந்த பாடம். மனம் மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் தருகிறார்கள். அதன் பலனை 1949இல் அவுஸ்திரேலியாவின் ஜோன் கேட் என்ற வைத்தியர் எழுதி வெளியிட்டார். மருந்து அருமையானது. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது, அதனால் இரத்தத்தில் அளவு பார்க்கிறார்கள். நம்மவர் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றோட்டம், வாந்தி, கடும் வியர்வை என்று உடலில் நீர் வற்றினால் லித்தியம் கூடிவிடும். இடுப்பு வலிக்கு, முழங்கால் வலிக்கு என்று கடையில் வாங்கிப் போடும் ஐபுப்ரொஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளாலும் கூடும். கை நடுக்கம், தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் அன்றே போங்கள்.

காதில் குரல் கேட்கும் மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசபின் வேறு கதை. 1970களில் பின்லாந்தில் அதை எடுத்த சிலருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்து உயிரே போனதால் மருந்தை ஏறக்குறைய கைவிட்டார்கள். பிறகு 1988இல், வேறு மருந்துகள் பலிக்காத 268 பேரிடம் செய்த ஆய்வில், பழைய மருந்து பெற்றவர்களில் 4 சதவீதமும் குளோசபின் பெற்றவர்களில் 30 சதவீதமும் தேறினார்கள். இரத்தத்தைக் கண்காணித்தபடியே கொடுக்கலாம் என்று மருந்து திரும்பி வந்தது. அது எடுப்பவருக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்க வைக்கக் கூடாது, வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

மனச்சோர்வு மருந்துகள் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தே வேலை காட்டும். பத்து நாளில் "சரிவரவில்லை" என்று நிறுத்துபவர்களையே நான் அதிகம் பார்த்தேன். கர்ப்பமாகக் கூடிய பெண்ணுக்கு, வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரும் வல்ப்ரோயேட் என்ற மருந்தைக் கொடுத்திருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் பேசுங்கள், வயிற்றில் வளரும் பிள்ளைக்கு அது கெடுதல் செய்யும் என்பது உறுதியாகத் தெரிந்த உண்மை. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வைத்தியர் அல்லாதவர் வந்து பேசினால் நோய் எப்படிச் சுகமாகும்?

இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். பாகிஸ்தானின் கிராமங்களில் பிள்ளைத்தாய்ச்சிகளின் மனச்சோர்வுக்கு, ஊர்ச் சுகாதாரப் பெண்களையே பயிற்றுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 903 தாய்மார் கலந்துகொண்ட அந்த ஆய்வு 2008இல் வெளியானது. பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர் பேசிய தாய்மாரில் 23 சதவீதம் பேரே மனச்சோர்வில் இருந்தார்கள். மற்றப் பிரிவில் 53 சதவீதம். கோவாவிலும் சாதாரண ஆட்களைப் பயிற்றுவித்து ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்த ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது, 2017இல் அது வெளிவந்தது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு வீட்டுக்கே போய் உதவும் முறையைக் காஞ்சிபுரம் உள்பட மூன்று இடங்களில் 282 பேரிடம் சோதித்தார்கள். 2014இல் வந்த அதன் முடிவு, பலன் உண்டு, ஆனால் பெரிதாக இல்லை என்பது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மலையகத்துக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். மேல் டிவிஷனிலிருந்து பஸ் போகும் சந்திக்கே ஒரு மணி நேர நடை. கிளினிக்கில் பெரும்பாலும் சிங்களம் பேசும் வைத்தியர், நடுவில் மொழி சொல்ல ஒரு சிற்றூழியர், பின்னால் நீண்ட வரிசை. கணவன் அடிப்பதை மூன்றாம் மனிதர் மூலம் எப்படிச் சொல்வது? உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் நம் பிள்ளைகளில் டிவிஷனுக்கு இருவரைப் பயிற்றுவித்தால் இந்த வேலையை அழகாகச் செய்வார்கள். அதை இங்கே ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு வந்தால் நான் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

மண்சரிவுக்குப் பிறகு வந்து, நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். சொல்லத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. பேரிடர் முடிந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பிந்திய மனவடுவைத் தடுக்காது என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. சிலருக்கு அது இன்னும் கெடுதலாகவும் முடியலாம். முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம், சாப்பாடு, சொந்தக்காரர் இருக்குமிடம் பற்றிய செய்தி. பேசத் தோன்றும்போது பேசலாம்.

கணவர் குடியை விட ஆய்வு ஏதாவது உதவுமா?

உதவும். குடியின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் இருக்கின்றன. அளவு மீறத் தொடங்கியவரிடம் சில நிமிடம் முறையாகப் பேசினாலே ஓரளவு குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. முற்றிவிட்டவருக்கு அது போதாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாள் தவறாமல் சாராயமோ கசிப்போ குடித்தவர் ஒரே நாளில் அடியோடு நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாமிக்கு மாலை போட்டு அன்றே நிறுத்துகிறேன் என்றால் பாராட்டுங்கள், அதோடு வைத்தியசாலைக்கும் கூட்டிப் போங்கள். அங்கே வைட்டமினும் நடுக்கம் தணிக்கும் மருந்தும் கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள்.

"செத்துப் போகலாம் என்று தோன்றியதா?" என்று கேட்கிறீர்களே, அதைக் கேட்டாலே எண்ணம் வந்துவிடாதா?

வராது. இதையே தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை, பலருக்குச் சொல்லிவிட்ட ஆறுதலே வருகிறது. நானும் கண்டது அதுதான். தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு நாள், எதிரே இருந்த இளம்பெண் நெடுமூச்சு விட்டு, "இதுவரை யாரும் கேட்கவில்லை அக்கா" என்றாள். ஆம் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் தாளை மூடிவிட்டு அவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் சேர்க்க வேண்டும். அது ஆய்வின் விதி.

தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை. பொலிஸுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். எடுத்தவுடன் தமிழில் பேசுபவரைக் கேளுங்கள்.

நான் சொல்வது லயம் முழுக்கத் தெரிந்துவிடாதா?

நியாயமான பயம். ஒரு காம்பராவில் இருமினால் நான்காவது காம்பராவில் கேட்கும். ஆகவே எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். கோயில் திண்ணை, தோட்டத்துச் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா மூடிய பிறகு அதன் வாசல், பாதையோரக் கல், எதுவானாலும் சரி. தாளில் உங்கள் பெயருக்குப் பதில் ஓர் எண்தான் இருக்கும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் வேறாகப் பூட்டி வைக்கப்படும். நிர்வாகத்துக்கு அதைக் காட்டக் கூடாது. கேள்வி கேட்க வருபவர் உங்கள் சொந்தக்காரராகவோ அடுத்த லயத்தவராகவோ இருந்தால் வேறு ஆளை அனுப்பச் சொல்லலாம். உங்கள் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் இரகசியத்தை மீற நேரும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

ஒரு நாள் பேர் போய்விடுமே?

போகக் கூடாது. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு. இழந்த நாள்கூலிக்கும் பஸ் செலவுக்கும் ஈடு கொடுக்கலாம், அது முறையானது. ஆசை காட்டும் அளவுக்குப் பெரிய தொகை கொடுப்பது முறையில்லை. மாலையிலோ ஞாயிறிலோ வரச் சொல்லுங்கள். கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேரோடு திரும்பியவரை மறித்துக் கேள்வி கேட்கும் ஆய்வாளருக்கு இந்த ஊர் தெரியாது.

ஆய்வு முடிந்ததும் நீங்கள் போய்விடுவீர்கள். எங்களுக்கு என்ன மிஞ்சும்?

பல இடங்களில் எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் பெயரில் பட்டம் வாங்கினார்கள், திரும்பி வரவில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு, அவர்கள் முன் நான் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். சேரும் முன்பே மூன்றைக் கேளுங்கள். ஆய்வில் தரும் சிகிச்சை எனக்குப் பலித்தால் முடிந்த பிறகும் கிடைக்குமா? ஆய்வால் தீங்கு வந்தால் யார் வைத்தியம் பார்ப்பார்கள்? முடிவை எங்களிடம் வந்து தமிழில் சொல்வீர்களா? பதில் தாளில் எழுத்தில் இருக்க வேண்டும். ஹெல்சிங்கிப் பிரகடனமும் இவற்றைக் கேட்கிறது.

அந்தத் தாளின் ஒரு பிரதி உங்களுக்கே சொந்தம். அதில் ஆய்வாளரின் தொலைபேசி எண்ணும், முறைப்பாடு செய்ய ஒழுக்கநெறிக் குழுவின் எண்ணும் இருக்கும். கிளினிக் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் போட்டு வைக்கும் பொலித்தீன் பையிலேயே அதையும் போட்டு, மழை ஒழுகாத பக்கம் வையுங்கள்.